வெளிநாட்டில் வேலை, ஊரில் பிக்கப்: புதிய வண்டியா, பழைய வண்டியா?

மஸ்கட்டில் இருந்து ஒரு தம்பி கேட்டார். கருங்கல் பக்கத்துக்காரர், கட்டுமான வேலையில் ஃபோர்மேன். ஊரில் அப்பாவுக்கு ஏத்தன் வாழைத் தோட்டம் இருக்கிறது. அண்ணன் வாடகை வண்டியில் குலை ஏற்றி மார்த்தாண்டம் சந்தைக்குக் கொண்டுபோகிறார். "கையில் ஐந்து லட்சம் சேர்ந்திருக்கிறது. அடுத்த லீவு ஒன்றரை மாதம். அதற்குள் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். புதியதா, பழையதா?" இதே கேள்வியைத் தம்மாமில் இருந்தும் ஷார்ஜாவில் இருந்தும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஊரில் இருப்பவருக்கும் வெளிநாட்டில் இருப்பவருக்கும் இந்தக் கேள்வி ஒன்றல்ல. ஊரில் இருப்பவர் வண்டி நடுவழியில் நின்றால் பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுவார். மெக்கானிக் கேட்கும் தொகை நியாயமா என்று முகத்தைப் பார்த்தே கணித்துவிடுவார். வெளிநாட்டில் இருப்பவருக்கு வருவது ஒரு வாட்ஸ்அப் குரல்செய்தி மட்டும். அதனால் நான் விலையைக் கடைசியில்தான் பார்க்கச் சொல்வேன். முதலில் பார்க்க வேண்டியது, வண்டியின் பக்கத்தில் யார் இருக்கிறார், ஆர்.சி. எனும் பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டையும்தான்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2016-ல் தம்மாமில் வேலையில் இருந்தபோது, மைத்துனருக்காக ஏழு வருடப் பழைய பிக்கப் ஒன்றை போட்டோவில் பார்த்தே முடித்தேன். அடிப்பக்கம் எல்லாம் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஐந்தாவது மாதம் மரச்சீனி (மரவள்ளி) லோடோடு தக்கலை தாண்டும்போது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் பின்பக்கக் குறுக்குச் சட்டம் முறிந்தது. பெயிண்டுக்கு அடியில் துரு, துருவுக்கு மேல் வெல்டிங். அதற்கு முன் அந்த வண்டி மீன் ஏற்றி ஓடியிருக்கிறது. செலவு 85,000 ரூபாய், வண்டி நின்றது நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் மைத்துனர் தன் வாடிக்கைக்காரர்களுக்கு வேறு வண்டியை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். அந்தக் கணக்கை அவர் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

யார் ஓட்டுகிறார். சொந்த அண்ணன் ஓட்டுவது ஒன்று, சம்பளத்துக்கு ஆள் வைப்பது வேறு. சம்பள டிரைவர் என்றால் பழைய வண்டியின் சின்னச் சின்னக் கோளாறுகள் அவருக்குக் காதில் விழாது. கிளட்ச் வழுக்குவது தெரிந்தும் ஓட்டிக்கொண்டே இருப்பார். வீட்டு ஆள் ஓட்டும் இடத்தில்தான் பழைய வண்டி லாபம்.

எந்தச் சரக்கு. நம் மாவட்டத்தில் இது பாதிக் கணக்கு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் மீன் எடுக்கும் வண்டியில் ஐஸ் உருகி, உப்புநீர் தளத்தின் இடுக்கு வழியே சேசிஸில் சொட்டிக்கொண்டே இருக்கும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் ஷீட்டும் கட்டையும் ஏற்றுகிற வண்டிக்குத் துரு குறைவு. ஆனால் ஏற்றமும் செம்மண் பாதையும் கிளட்சையும், எடை தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டையையும் தின்றுவிடும். தோவாளைப் பூ, வடசேரிக் காய்கறி என்றால் எடை குறைவு, நேரம்தான் முக்கியம். விடியற்காலையில் வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய சரக்கே போயிற்று.

மாதம் எத்தனை நடை. இதற்கான கணக்கைப் பின்னால் போட்டுக் காட்டுகிறேன்.

லீவுக்குள் முடியுமா. பெயர் மாற்றம், கடன் நீக்கம், இன்சூரன்ஸ் மாற்றம் எல்லாம் நீங்கள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவதற்குள் முடியக்கூடியதா? முடியாத வழி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வெளிநாட்டுக்காரருக்கு விலை அதிகம்.

மூன்று ஆண்டுச் செலவு. வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல் வட்டி, இன்சூரன்ஸ், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, டயர், ஒர்க்‌ஷாப், வண்டி நிற்கும் நாட்கள், கடைசியில் விற்றால் கிடைக்கும் தொகை வரை சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வண்டியின் அளவைப் பற்றி இரண்டு சொல். 2005-ல் வந்த டாடா ஏஸ், நாம் குட்டி யானை என்று அழைப்பது, ஏறத்தாழ முக்கால் டன் தாங்கும். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் வகை. பொலேரோ பிக்கப் மாடலைப் பொறுத்து 1.3 முதல் 1.7 டன். கூடுதல் எடைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. ஆகவே ஏத்தன் குலையை மலைபோல் அடுக்கி "குட்டி யானை தாங்கும்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. அண்ணனிடம் கார் ஓட்டும் உரிமம் இருந்தால் போதும்.

வளைகுடாவில் ஓட்டிய ஹைலக்ஸையே கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அதன் ஸ்டீயரிங் இடப்பக்கம். இறக்குமதி விதிப்படி வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிதான் இங்கே வர முடியும். அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

## முதல் வழி: ஷோரூமில் புதிய வண்டி

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டில் இருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை மாறாமல் இருந்தால், 10 லட்சம் ரூபாய் வண்டியில் ஏறத்தாழ 78,000 ரூபாய் இறங்கும். இது புதிய வண்டி வாங்குவோருக்கு மட்டுமான செய்தி இல்லை. ஒன்றிரண்டு வருடப் பழைய வண்டியை விற்பவர் தான் அன்று கொடுத்த விலையை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்றும் கேட்கிறார். பேரம் பேசும்போது இன்றைய ஷோரூம் விலையை எழுதிக்கொண்டு போங்கள்.

வீட்டில் ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரம் இருந்தால், உதாரணமாக ஒரு ஹார்டுவேர் கடை, கணக்கு தலைகீழாகிவிடுகிறது. சரக்கு வண்டிக்குக் கொடுத்த ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். பயணிகள் காருக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. வண்டி அந்த வியாபாரத்தின் பெயரில் இருக்க வேண்டும், விற்பனை வரி செலுத்தக்கூடிய சரக்காக இருக்க வேண்டும், விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் இருப்பவருக்குக் கிடையாது. இந்த மூன்றும் பொருந்தினால் புதிய வண்டியின் உண்மையான விலை, பழைய வண்டியைப் பக்கத்தில் வந்து தொட்டுவிடும். இதைத் தெரியாமல் மகன் வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பி, வண்டியைத் தன் சொந்தப் பெயரில் எடுத்து, அப்பாவின் கடைக்குக் கிடைக்க வேண்டிய வரியை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு தவணையில் இருக்கிறது. 8 லட்சம் கடன், 10 விழுக்காடு வட்டி, ஐந்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 17,000 ரூபாய். மொத்த வட்டி 2.2 லட்சம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டம் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகு கரையில் நிற்கும். மீன் வண்டிக்கு வேலை மிகவும் குறையும். தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வரும். அதைக் கட்டப்போவது வெளிநாட்டுச் சம்பளம்தான். அப்படியானால் அது அண்ணனின் வண்டி இல்லை, உங்கள் தலையில் இருக்கும் கடன். வேலை விசா எத்தனை வருடம் உறுதி என்று தெரியாதபோது ஐந்து வருடத் தவணைக்குக் கையெழுத்துப் போடும் முன் இதை ஒரு தடவை வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவாகும் வண்டி எல்லாம் பி.எஸ். 6 என்ற புகை விதிக்கு உட்பட்டவை. டீசல் மாடல்கள் பலவற்றில் புகைவழியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வீட்டில் இருந்து சந்தை, சந்தையில் இருந்து வீடு என்று நாலைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் இது சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். உங்கள் ஓட்டம் அப்படி என்றால் பெட்ரோலையோ சி.என்.ஜி.யையோ கேட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரு தடவை நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ நீளமாக ஓடினால் கவலை இல்லை.

ஷோரூமில் சொல்லாத இன்னொரு செலவு உண்டு. தளத்துக்கு இரும்புத் தகடு, கம்பிச் சட்டம், தார்ப்பாய், சேசிஸுக்குத் துருத் தடுப்புப் பூச்சு. கடலோரத்தில் இருப்பவர், இந்தப் பட்டியலில் கடைசியாக உள்ள பூச்சை முதலில் செய்ய வேண்டும். வண்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே பூச வேண்டும், உப்புநீர் பட்ட பிறகு பூசினால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

புதிய வண்டி சரியான முடிவாகும் இடங்கள்: சம்பள டிரைவர் ஓட்டும்போது, மாதம் இருபது நடைக்கு மேல் உறுதியாக இருக்கும்போது, ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும்போது, மீன் ஏற்றுவதற்கு எடுக்கும்போது. கடைசியானது பலருக்கு வியப்பாக இருக்கும். "மீன் வண்டிதானே, எப்படியும் துருப்பிடிக்கும், பழையது போதாதா" என்பார்கள். ஏற்கெனவே துரு தொடங்கிய சேசிஸில் உப்புநீர் விழுந்தால் அது வருடக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில் போய்விடும். என் மைத்துனர் வண்டி அதற்குச் சாட்சி.

## இரண்டாவது வழி: நம் மாவட்டப் பதிவில் பழைய வண்டி

டி.என். 74 நாகர்கோவில், டி.என். 75 மார்த்தாண்டம். இந்த இரண்டு எண்ணிலும் வருகிற வண்டியின் பெரிய பலம், அதன் கதை அக்கம்பக்கத்தில் யாருக்காவது தெரிந்திருக்கும் என்பது. யார் ஓட்டினார், என்ன ஏற்றினார், எங்கே இடித்தது என்று இரண்டு டீக்கடையில் கேட்டால் தெரிந்துவிடும். இந்தத் தகவல் எந்தப் பரிசோதனை அறிக்கையிலும் கிடைக்காது. வெளிநாட்டில் இருப்பவருக்கு இதுதான் மிகப் பெரிய காப்பு.

எந்த வயது வண்டி? இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் மதிப்பை நிர்ணயிக்கும் அட்டவணையைப் பாருங்கள். மூன்றாம் ஆண்டுக்குள் 30 விழுக்காடு கழிகிறது, நான்காம் ஆண்டுக்குள் 40, ஐந்தாம் ஆண்டுக்குள் 50. சந்தை விலை இதே வேகத்தில் விழாது, ஆனால் திசை அதுதான். பெரிய சரிவை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்ட, மூன்று முதல் ஐந்து வயதுள்ள வண்டிதான் என் தேர்வு. எட்டு வயதைத் தாண்டினால் எஃப்.சி. ஆண்டுதோறும். அதற்குள் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. ஒவ்வொரு எஃப்.சி.க்கும் முன்னால் டிங்கரிங், பெயிண்டிங், விளக்கு, ஒளிரும் பட்டை, டயர் என்று ஒரு செலவு காத்திருக்கும். வண்டி ஒரு வாரம் நிற்கும். பதினைந்து வயது தாண்டினால் எஃப்.சி. கட்டணமே பல மடங்கு. விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வயதில் கை வைக்க வேண்டாம்.

கடனில் வாங்குவதாக இருந்தால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய வண்டிக்கு வட்டி அதிகம், காலம் குறைவு. 4 லட்சம், 16 விழுக்காடு, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 14,000. மேலே சொன்ன புதிய வண்டியின் 17,000-க்கும் இதற்கும் மூவாயிரம்தான் வித்தியாசம். பாதி விலை வண்டிக்குப் பாதித் தவணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பழைய வண்டி ரொக்கத்துக்கு மலிவு, கடனுக்கு மலிவில்லை.

இன்சூரன்ஸிலும் மிச்சம் பெரிதாக இல்லை. 7,500 கிலோ வரையான சரக்கு வண்டிக்கு 2022-ல் நிர்ணயிக்கப்பட்ட மூன்றாம் நபர் பிரீமியம் 16,049 ரூபாய், வரி தனி. வண்டி புதியதோ பழையதோ, குட்டி யானையோ பொலேரோவோ, அந்தத் தொகை ஒன்றுதான். விற்பவர் "நோ கிளெய்ம் போனஸ் 50 விழுக்காடு இருக்கிறது" என்று சொல்லி விலை ஏற்றினால் ஏற்காதீர்கள். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி ஆளுக்கு உரியது, வண்டியோடு வராது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அந்தப் பக்கத்துப் பதிவில் வண்டி வந்தால் இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். சேறு காய்ந்த தூள், சீட் பெல்ட் முழுவதையும் இழுத்தால் தெரியும் நீர்க்கோடு, டேஷ்போர்டுக்கு அடியில் பச்சை பூத்த வயர் முனைகள் இதையெல்லாம் எந்த வாட்டர் சர்வீசும் மறைக்காது.

வீட்டு ஆள் ஓட்டுகிறார், பணம் கையில் இருக்கிறது, வாழை, மரச்சீனி, தேங்காய், ரப்பர் போன்ற காய்ந்த சரக்கு, மாதம் பத்துப் பதினைந்து நடை: இந்த நான்கும் சேர்ந்தால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## மூன்றாவது வழி: களியக்காவிளைக்கு அப்பால்

எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பகுதியில் இருந்து கே.எல். எனும் கேரளப் பதிவு வண்டிகள் நம் பக்கம் நிறைய வருகின்றன. சில நேரம் பராமரிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் காகித வேலை நீளம். அங்கே படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கேமரா அபராதம் ஒன்று நிலுவையில் இருந்தாலும் காரியம் அங்கேயே நிற்கும். பிறகு இங்கே தமிழ்நாட்டு வரி, புதிய எண். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவெண்ணை மாற்றியே ஆக வேண்டும் என்பது சட்டம். கே.எல். எண்ணிலேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று தரகர் சொல்வதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சோதனையிலும் பதில் சொல்லிக்கொண்டிருப்பது உங்கள் அண்ணன்தான், தரகர் இல்லை.

ஒன்றரை மாத லீவுக்குள் இது முழுவதும் முடியும் என்று திட்டமிடுவது ஆபத்து. ஊரில் அலைந்து முடிக்கக்கூடிய நம்பகமான ஆள் இருந்தால், விலையில் வரியையும் கழித்த பிறகு நல்ல வித்தியாசம் நின்றால் மட்டும் பாருங்கள்.

## நான்காவது வழி: தவணை கட்டாமல் பிடித்த வண்டி

ஃபைனான்ஸ் நிறுவனங்கள் பறிமுதல் செய்து ஏலத்தில் விடும் வண்டி விலை குறைவுதான். ஓட்டிப் பார்க்க விட மாட்டார்கள். யார்டில் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் நின்றிருக்கும். தவணை கட்ட முடியாதவர் ஆயில் மாற்றியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவருக்கு இது நல்ல வியாபாரம். மஸ்கட்டில் இருப்பவருக்கு இல்லை.

## ஒரே பார்வையில்

| | புதியது | மாவட்டப் பழையது | கேரளப் பதிவு | ஏலம் |
|---|---|---|---|---|
| கையில் வேண்டிய பணம் | முன்பணம், நீண்ட தவணை | முழு ரொக்கம் நல்லது | ரொக்கம், அதோடு வரி | முழு ரொக்கம் |
| லீவுக்குள் முடியுமா | முடியும் | கடன் நிலுவை இல்லை என்றால் முடியும் | கடினம் | சொல்ல முடியாது |
| மறைந்திருக்கும் செலவு | வட்டி, மதிப்புச் சரிவு, பாடி வேலை | டயர், கமான், எஃப்.சி. வேலை | தடையில்லாச் சான்று, வரி, அலைச்சல் | எஞ்சின் முதல் எல்லாம் |
| கதை தெரியுமா | தேவையில்லை | விசாரித்தால் தெரியும் | ஓரளவு | தெரியாது |
| யாருக்கு | சம்பள டிரைவர், மீன், ஜி.எஸ்.டி. கடை | வீட்டு ஆள், காய்ந்த சரக்கு | எல்லையோரத்தில் அலைய ஆள் உள்ளவர் | மெக்கானிக் |

## ஆர்.சி. யார் பெயரில்

இதில்தான் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். பணம் நான் போட்டேன், ஆகவே என் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைப்பது நியாயம்தான். ஆனால் 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: விபத்து நடந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், பொறுப்பும் அவருக்கே. இன்சூரன்ஸ் ஒரு நாள் தவறி, அன்றைக்கு விபத்து நடந்தால், நோட்டீஸ் உங்கள் வீட்டு முகவரிக்கு வரும். நீங்கள் பாலைவனத்தில் ஷிஃப்டில் இருப்பீர்கள்.

வாகனப் பதிவுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் எந்த வேலைக்கும் பதிவு செய்த கைபேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வரும். வெளிநாட்டுக்குப் போய் ரீசார்ஜ் செய்யாமல் இந்திய எண் முடங்கிப் போனவர் எத்தனை பேர்! அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம் என்றால், அதைத் தூதரகத்தில் சான்றளித்து அனுப்பி, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும்.

என் கருத்து இது: ஓட்டுகிறவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். உங்கள் பணத்துக்கு வங்கி வழியாக அனுப்பிய பதிவும், குடும்பத்துக்குள் ஒரு எழுத்தும் போதும். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. ஆகவே விற்பவரின் கணக்குக்கே நேராக அனுப்புங்கள். அப்பா பெயரில் எடுப்பதாக இருந்தால், 2021 முதல் ஆர்.சி.யிலேயே வாரிசு நியமனம் செய்யலாம். அதை விட்டுவிடாதீர்கள், அப்பா மறைந்த பிறகு வாரிசுச் சான்றுக்கு அலைந்துகொண்டே வண்டியை நிறுத்தி வைத்த வீடுகள் உண்டு.

பழைய வண்டி என்றால் மூன்று காகிதம் கையில் வராமல் முழுப் பணம் போகக் கூடாது: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, கடன் நீக்கத்துக்கான படிவம் 35. ஒரே மாநிலத்துக்குள் என்றால் பதினான்கு நாளுக்குள் பெயர் மாற்றத் தகவல் போக வேண்டும். இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் அதே பதினான்கு நாள்தான். அதை விட்டால் மூன்றாம் நபருக்கான காப்பு இருக்கும், உங்கள் வண்டிக்கான காப்பு சிக்கலாகும்.

## நேரில் இல்லாதபோது பார்ப்பது எப்படி

போட்டோ வேண்டாம், வீடியோ அழைப்பு. அதுவும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. முந்தைய நாள் இரவே "வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சினில் முதல் புகை தெரியாது.

உங்கள் மெக்கானிக் ஒரு சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போக வேண்டும். சேசிஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போகட்டும். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும், தின்ற இரும்பு மண்சட்டி போல் சத்தம் தரும். அந்தச் சத்தம் தொலைபேசியில் நன்றாகவே கேட்கும். புதிதாகப் பெயிண்ட் அடித்த சேசிஸ் என்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். தளத்தின் மூலைகள், தண்ணீர் வடியும் ஓட்டைகள், கமான் மாட்டும் இடம் மூன்றையும் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு டன் ஏற்றி ஒரு ஏற்றத்தில் ஓட்டச் சொல்லுங்கள். காலி வண்டியில் எல்லாக் கிளட்சும் நன்றாகத்தான் இருக்கும்.

மெக்கானிக்குக் கூலி நீங்கள் கொடுங்கள், விற்பவரோ தரகரோ கொடுக்கக் கூடாது. வண்டி கைக்கு வந்ததும் பழைய ஃபாஸ்டேக்கை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும்.

## மஸ்கட் தம்பியின் கணக்கு

அவரிடம் முதலில் எந்த வண்டியும் பார்க்கச் சொல்லவில்லை. அண்ணனிடம் ஒரு நோட்டு வாங்கி, இரண்டு மாதம் ஒவ்வொரு நடையையும் எழுதச் சொன்னேன். மாதம் சராசரியாகப் பதின்மூன்று நடை வந்தது. ஒரு நடைக்கு வாடகை 1,500. சொந்த வண்டி என்றால் டீசலுக்கு 450 போகும். ஆக, ஒரு நடைக்கு மிச்சம் 1,050 ரூபாய்.

புதிய வண்டிக்குத் தவணை 17,000, இன்சூரன்ஸுக்கும் பராமரிப்புக்கும் மாதம் 5,000 ஒதுக்கினால் 22,000. அதை ஈடுகட்ட இருபத்தொரு நடை வேண்டும். நான்கு வயது வண்டியை ஐந்து லட்சம் ரொக்கத்துக்கு வாங்கினால் பராமரிப்பு 7,000 என்று கூட்டி வைத்து, ஐந்து வருடத்தில் பாதி மதிப்புக் கழிவது மாதத்துக்கு 4,200 என்று சேர்த்தால் 11,200. பதினொரு நடையில் ஈடாகிவிடும். பதின்மூன்று நடை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஓண நேரத்தில் ஏத்தன் ஓட்டம் கூடும், மழை மாதங்களில் குறையும். புதிய வண்டியை அந்தத் தோட்டம் தாங்காது.

போன வாரம் ஒரு வண்டி எண் அனுப்பியிருந்தார். டி.என். 75, ஹார்டுவேர் கடையில் ஓடியது, நான்கு வயது, முதல் உரிமையாளர். சேசிஸ் ஒலி நன்றாக இருந்ததாக மெக்கானிக் சொன்னார். பரிவாகனில் பார்த்தபோது கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் நீங்கவில்லை. கடனைக் கட்டி முடித்தாகிவிட்டது, கடிதம் மட்டும்தான் பாக்கி என்று கடைக்காரர் சொல்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். படிவம் 35-ம் தடையில்லாக் கடிதமும் அண்ணன் கைக்கு வரும்வரை முன்பணம்கூட அனுப்ப வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.